மின்னழுத்தம்: இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள கணக்கு

“11,000 வோல்ட் பாய்ந்து ஒருவர் பலி” என்று செய்தி வருகிறது. “எங்கள் தெருவுக்கு வோல்டேஜ் கம்மியாக வருகிறது” என்று புகார் சொல்கிறோம். “அந்தக் கம்பியில் வோல்டேஜ் ஜாஸ்தி, கிட்டே போகாதே” என்று பிள்ளைகளை எச்சரிக்கிறோம். இப்படிப் பேசிப் பேசியே, வோல்டேஜ் என்பது கம்பிக்குள் ஓடிவரும் ஏதோ ஒரு பொருள் என்று நம் மனதில் பதிந்துவிட்டது.

வோல்டேஜ் ஓடாது. ஓடுவது மின்னூட்டம். வோல்டேஜ் என்பது இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள ஒரு வேறுபாடு. “இந்த இடத்தில் எத்தனை வோல்ட்?” என்று யாராவது கேட்டால், “எந்த இடத்தோடு ஒப்பிட்டு?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். பிளஸ் டூவில் நிலை மின்னியல் பாடத்தைப் படித்து முழு மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகவில்லை. சூத்திரம் நினைவில் இருக்கும். மின்கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டால், “அதன் காலில் ஷாக் அடிக்காது” என்பார்கள். காக்கையின் காலில் அப்படி விசேஷம் எதுவும் கிடையாது. விஷயம் எங்கே இருக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

பழனி மலைக்கு எத்தனை வழி?

பழனி மலைக்கோயிலுக்குப் படியேறிப் போகலாம். யானைப்பாதை வழியாகவும் போகலாம். விஞ்ச் உண்டு, ரோப் கார் உண்டு. படி செங்குத்து, தூரம் குறைவு, மூச்சு வாங்கும். யானைப்பாதை சாய்வாக வளைந்து வளைந்து போகும். தூரம் அதிகம், ஏற்றம் அவ்வளவாகத் தெரியாது. எந்த வழியில் போனாலும் அடிவாரத்துக்கும் சன்னதிக்கும் இடையே உள்ள உயரம் ஒன்றுதான்.

இயற்பியலில் வேலை என்ற சொல்லுக்குக் கறாரான பொருள் உண்டு: ஒரு பொருள்மீது செலுத்தும் விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது வேலை. அதன் அலகு ஜூல். ஒரு கிலோ பொருளை ஒரு மீட்டர் மேலே தூக்க 9.8 ஜூல் வேலை செய்ய வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒருவர் 10 மீட்டர் மேலே போனால், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்த வேலை 4,900 ஜூல். படியில் ஏறினாலும் 4,900. யானைப்பாதையில் போனாலும் 4,900. கால் வலி, வியர்வை, தசைகள் சூடாகி வீணாகும் ஆற்றல் எல்லாம் தனிக் கணக்கு. ஈர்ப்பு விசையோடு நமக்குள்ள வரவுசெலவு மட்டும் வழியைப் பொறுத்து மாறுவதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது. வழிக்கு வழி வேலை மாறியிருந்தால், மலையில் உள்ள ஒரு இடத்துக்கு “இதன் உயரம் இவ்வளவு” என்று ஒரே ஒரு எண்ணைக் கொடுக்கவே முடியாது. வேலை மாறாமல் இருப்பதால்தான் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுக்க முடிகிறது. எந்த வழியாக வந்தாய் என்ற கேள்வியே தேவைப்படுவதில்லை.

இன்னொன்று. 30 கிலோ சிறுவனுக்கும் 60 கிலோ பெரியவருக்கும் மேலே போகச் செய்யும் வேலை வேறு வேறு. ஆனால் அதை அவரவர் எடையால் வகுத்து “ஒரு கிலோவுக்கு எத்தனை ஜூல்” என்று பார்த்தால் இருவருக்கும் ஒரே விடை வரும். அந்த விடை ஏறும் ஆளைப் பற்றியது அல்ல, இடத்தைப் பற்றியது.

சரி, மேலே ஏறாமல் அடிவாரத்தில் கிரிவலம் வருபவரைப் பாருங்கள். பாதை முழுக்க ஒரே மட்டம் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை சுற்று சுற்றினாலும் அவருடைய உயரம் மாறவில்லை. ஈர்ப்பை எதிர்த்து அவர் செய்த வேலை பூஜ்யம்.

இதுவரை கையில் இருப்பவை: வேலை வழியைப் பொறுத்ததல்ல, ஒரு கிலோவுக்கு ஆகும் வேலை என்பது இடத்தின் குணம், ஒரே மட்டத்தில் நகர்ந்தால் வேலை இல்லை.

மலையிலிருந்து மின்னூட்டத்துக்கு

எலக்ட்ரான், புரோட்டான் போன்ற துகள்கள் ஒன்றையொன்று இழுக்கவோ தள்ளவோ காரணமான குணத்துக்கு மின்னூட்டம் என்று பெயர். அதில் நேர், எதிர் என இரு வகை உண்டு. ஒரே வகை தள்ளும், வேறு வகை இழுக்கும். அளக்கும் அலகு கூலூம். ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி, இன்னொரு மின்னூட்டம் விசையை உணரும் பகுதிக்கு மின்புலம் என்று பெயர்.

ஒரு நேர் மின்னூட்டம் ஓரிடத்தில் அசையாமல் இருக்கிறது. இன்னொரு நேர் மின்னூட்டத்தை அதன் அருகே கொண்டுபோகிறீர்கள். அது தள்ளும், நீங்கள் எதிர்த்துத் தள்ளி, வேலை செய்துதான் கிட்டே கொண்டுபோக முடியும். மலை ஏறுவது போலத்தான். கையை விட்டால் திரும்பப் பாய்ந்து ஓடும். நீங்கள் செய்த வேலை நிலையாற்றலாக, அதாவது இருக்கும் இடத்தால் வந்த ஆற்றலாகச் சேர்ந்திருந்தது. இப்போது அது ஓட்டத்தின் ஆற்றலாக மாறுகிறது. நேராகக் கொண்டுபோனாலும் சுற்றி வளைத்துக் கொண்டுபோனாலும் வேலை மாறாது என்பதும் இங்கே அப்படியே பொருந்தும்.

ஆகவே இங்கேயும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுக்கலாம். ஒரு கூலூம் நேர் மின்னூட்டத்தை மிகத் தொலைவிலிருந்து ஓரிடத்துக்கு மெதுவாகக் கொண்டுவர எத்தனை ஜூல் வேலை ஆகிறதோ, அதுதான் அந்த இடத்தின் மின்னழுத்தம். ஒரு கூலூமுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வோல்ட். 1800இல் உலகின் முதல் மின்கல அடுக்கை அறிவித்த இத்தாலியர் அலெசாந்த்ரோ வோல்ட்டாவின் பெயர்தான் இந்த அலகுக்கு வைக்கப்பட்டது.

“மிகத் தொலைவு” என்று ஏன் சொல்ல வேண்டும்? எங்காவது ஓரிடத்தைப் பூஜ்யம் என்று வைத்தாக வேண்டும், அதற்காகத்தான். மலையின் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து சொல்லலாம், அடிவாரத்திலிருந்தும் சொல்லலாம். எண் மாறும், ஏற வேண்டிய ஏற்றம் மாறாது. பாடப்புத்தகம் மிகத் தொலைவைப் பூஜ்யமாக வைக்கிறது. எலக்ட்ரீஷியன் பூமியைப் பூஜ்யமாக வைக்கிறார். இரண்டுமே சரி. நிஜமாகவே வேலை நடத்துவது இரண்டு இடங்களின் மின்னழுத்தங்களைக் கழித்தால் வருவது, அதாவது மின்னழுத்த வேறுபாடு. நாம் பேச்சில் வோல்டேஜ் என்பது இதைத்தான். பிளக் பாயிண்டில் 230 வோல்ட் என்றால் பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு துளைகளுக்கு நடுவே 230 என்று பொருள். (வீட்டுக்கு வருவது நொடிக்கு 50 முறை ஊசலாடும் மாறுமின்னோட்டம் என்பது இன்னொரு கதை, இங்கே அது தேவையில்லை.)

மலை உவமை ஓரிடத்தில் உதவாது, அதையும் சொல்லிவிட வேண்டும். எடையில் ஒரே வகைதான், எல்லாம் கீழே உருளும். மின்னூட்டத்தில் இரண்டு வகை. நேர் மின்னூட்டம் உயர் மின்னழுத்தத்திலிருந்து தாழ்வுக்குப் போகப் பார்க்கும். எதிர் மின்னூட்டம் தாழ்விலிருந்து உயர்வுக்குப் போகப் பார்க்கும். கம்பிக்குள் நகரும் எலக்ட்ரான்கள் எதிர் வகை. அவற்றுக்கு மேடு எது, பள்ளம் எது என்பது தலைகீழ்.

வோல்ட்டைக் கூலூமால் பெருக்க வேண்டும்

வேலை எவ்வளவு என்று தெரிய ஒரே ஒரு பெருக்கல் போதும்: மின்னூட்டம் பெருக்கல் மின்னழுத்த வேறுபாடு.

கையில் இருக்கும் போனை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் 4,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால், அது தரக்கூடிய மின்னூட்டம் 14,400 கூலூம் (ஒரு ஆம்பியர் என்றால் நொடிக்கு ஒரு கூலூம்; 4 ஆம்பியர் வீதம் 3,600 நொடிகளுக்கு). பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 3.7 வோல்ட். பெருக்கினால் 53,280 ஜூல். 50 கிலோ ஆளை 108 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இது போதும். வெறும் 3.7 வோல்ட்டில் இவ்வளவு வேலை.

மறுபக்கம் பாருங்கள். ஏசி அறையில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் சில நேரம் விரல் நுனியில் சுருக்கென்று ஒரு பொறி. காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்கவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அவ்வளவு வோல்ட் இருந்தும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? உடம்பில் சேர்ந்திருந்த மின்னூட்டம் ஒரு கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெருக்கிப் பார்த்தால், ஒரு ஜூலில் ஆயிரத்தில் சில பங்கு தேறினாலே அதிகம். வீட்டு மின்சாரத்தில் வோல்ட் அதைவிடக் குறைவுதான். ஆனால் மின்னூட்டம் வந்துகொண்டே இருக்கும், கையை எடுக்கும்வரை நிற்காது. ஆபத்து அங்கே இருக்கிறது.

சுருக்கமாக, வோல்ட் என்பது ஒரு கூலூமுக்கு எவ்வளவு ஆற்றல் என்று சொல்கிறது. எத்தனை கூலூம் நகரும் என்று அது சொல்வதில்லை.

ஒரே மட்டத்தில் உள்ள இடங்கள்

மின்னழுத்தம் ஒரே அளவாக உள்ள எல்லா இடங்களையும் சேர்த்தால் கிடைக்கும் பரப்புதான் சமமின்னழுத்தப் பரப்பு. மின்னூட்டங்களின் உலகத்தில் இது கிரிவலப் பாதை. அதன்மேல் மின்னூட்டத்தை எங்கே நகர்த்தினாலும் வேலை பூஜ்யம்.

எண்ணோடு பார்த்தால் நன்றாகப் பிடிபடும். ஒரு சின்ன உருண்டையில் ஒரு நானோகூலூம் (ஒரு கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு) நேர் மின்னூட்டம் இருக்கிறது. உருண்டையின் மையத்திலிருந்து 10 செ.மீ. தொலைவில் மின்னழுத்தம் 90 வோல்ட். 15 செ.மீ. தொலைவில் 60. 30 செ.மீ. தொலைவில் 30. தொலைவு இரு மடங்கானால் மின்னழுத்தம் பாதி, மும்மடங்கானால் மூன்றில் ஒன்று. 10 செ.மீ. தொலைவில் எந்தப் பக்கம் போனாலும் 90 தான் என்பதால், 90 வோல்ட் பரப்பு ஒரு கோளம். வெங்காயத் தோல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக, 60 வோல்ட் கோளம், 30 வோல்ட் கோளம்.

இப்போது 2 நானோகூலூம் மின்னூட்டம் ஒன்றை 30 வோல்ட் கோளத்திலிருந்து 60 வோல்ட் கோளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வேறுபாடு 30 வோல்ட், ஆகவே வேலை 60 நானோஜூல். எந்தப் புள்ளியில் கிளம்பி எந்தப் புள்ளியில் சேர்ந்தாலும் அதேதான். 60 வோல்ட் கோளத்தின்மேல் அதை முழுச் சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தாலும் கூடுதலாக ஒரு ஜூலும் ஆகாது.

கோளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவனித்தீர்களா? 90க்கும் 60க்கும் நடுவே 5 செ.மீ. தான். 60க்கும் 30க்கும் நடுவே 15 செ.மீ. அதே 30 வோல்ட் இறக்கம் உள்ளே நெருக்கமாக நடக்கிறது, வெளியே பரவலாக. மலையின் சமஉயரக் கோடுகள் வரைபடத்தில் நெருங்கியிருந்தால் அங்கே சரிவு செங்குத்து என்று தெரிந்துகொள்வோம். அதேபோல, சமமின்னழுத்தப் பரப்புகள் நெருங்கியிருக்கும் இடத்தில் மின்புலம் வலுவாக இருக்கும். உள்ளே சராசரியாக மீட்டருக்கு 600 வோல்ட், வெளியே மீட்டருக்கு 200.

மின்புலம் எப்போதும் இந்தப் பரப்புக்குச் செங்குத்தாகவே இருக்கும். காரணம் எளிது. பரப்பின் போக்கிலேயே கொஞ்சமாவது விசை இருந்தால், பரப்பில் நகரும்போது வேலை நடந்துவிடும். நடந்தால் அது சமமின்னழுத்தப் பரப்பே இல்லை.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. மின்னழுத்தம் பூஜ்யம் என்றால் மின்புலமும் பூஜ்யம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு நேர் மின்னூட்டத்தையும் அதே அளவு எதிர் மின்னூட்டத்தையும் எதிரெதிரே வையுங்கள். சரியாக நடுப்புள்ளியில் மின்னழுத்தம் பூஜ்யம். ஆனால் மின்புலம் அங்கே நன்றாகவே இருக்கிறது: ஒன்று தள்ள, மற்றது இழுக்க, இரண்டும் ஒரே திசையில். உயரம் வேறு, சரிவு வேறு.

உடம்பே ஒரு பரப்பாகும்போது

உலோகம், ஈரமான மண், நம் உடம்பு போல மின்னூட்டம் உள்ளே எளிதாக நகரக்கூடிய பொருள் கடத்தி. உள்ளே மின்னூட்டம் ஓடாமல் நிற்கும் கடத்தியின் உடல் முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். எங்காவது வேறுபாடு இருந்தால் மின்னூட்டங்கள் நகர்ந்து அதைச் சரிசெய்துவிடும்; நகர்ச்சை நின்றது என்றாலே வேறுபாடு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நம் தலைக்கு மேலே நடப்பது. மேகமில்லாத நாளில், திறந்த வெளியில், தரையிலிருந்து மேலே போகப் போக மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் வீதம் காற்றின் மின்னழுத்தம் ஏறுகிறது. அப்படியானால் வெட்டவெளியில் நிற்கும் ஒருவரின் பாதத்துக்கும் நெற்றிக்கும் நடுவே 150 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டாமா? இல்லை. அவர் உடம்பு ஒரு கடத்தி, தரையைத் தொட்டு நிற்கிறது; ஆகவே தலை முதல் கால் வரை தரையின் மின்னழுத்தமே. அவர் வந்து நின்றதும், தரைக்கு இணையாகப் படுக்கையாக இருந்த சமமின்னழுத்தப் பரப்புகள் மேலே எழும்பி, அவர் தலையைத் தாண்டி வளைந்து மறுபக்கம் இறங்குகின்றன. தலைக்கு மேலே அவை நெருங்குகின்றன. அங்கே மின்புலம் கூடுகிறது. இடி மின்னல் நேரத்தில் வெட்டவெளியில் தனியாக உயர்ந்து நிற்கும் எதன் உச்சியும் ஆபத்தான இடமாவதற்கு இதுவே முதல் காரணம்.

1836இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே லண்டனில் 12 அடிக் கனசதுரக் கூண்டு ஒன்றைக் கட்டி, வெளியே கடத்தியால் போர்த்தி, அதற்கு வலுவாக மின்னேற்றச் செய்துவிட்டுத் தானே உள்ளே போய்ச் சோதித்தார். வெளிப்பக்கத்திலிருந்து பொறிகள் பறந்தன. உள்ளே அவருடைய கருவிகள் எதையும் காட்டவில்லை. கூண்டு முழுக்க ஒரே மின்னழுத்தம். அது எவ்வளவு உயர்ந்திருந்தாலும் உள்ளே சரிவு இல்லை.

இப்போது காக்கைக்கு வருவோம்

11,000 வோல்ட் கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கிறது. 11,000 என்பது ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே உள்ள வேறுபாடு. காக்கையின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில். கேட்க வேண்டிய கேள்வி: அந்த இரண்டு கால்களுக்கும் நடுவே எத்தனை வோல்ட்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பியின் மின்தடை, அதாவது மின்னூட்டத்தின் ஓட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு, கிலோமீட்டருக்கு அரை ஓம், ஓடும் மின்னோட்டம் 100 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் பெருக்க, ஒரு கிலோமீட்டர் நீளத்தில் 50 வோல்ட் இறங்கும். காக்கையின் கால்களுக்கு நடுவே 5 செ.மீ. என்றால் அதில் இறங்குவது 2.5 மில்லிவோல்ட். டார்ச் செல் தரும் 1.5 வோல்ட்டில் அறுநூறில் ஒரு பங்கு. காக்கை கிட்டத்தட்ட ஒரு சமமின்னழுத்தப் பரப்பில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் அதன் உடம்பு வழியாக மின்னூட்டம் போக வேண்டிய அவசியமே இல்லை.

அதே காக்கை டிரான்ஸ்பார்மரின்மேல் உட்கார்ந்து, ஒரு கால் பூமியோடு இணைத்த தொட்டிமேலும் மூக்கு கம்பிமேலும் பட்டால், ‘டம்’ என்று சத்தம் கேட்டு அந்தத் தெருவுக்கே கரண்ட் போய்விடும். பழந்தின்னி வௌவால்கள் மின்கம்பியில் செத்துத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விரித்த இறக்கை இரண்டு கம்பிகளைத் தொடும் அளவுக்கு நீளம். காக்கையும் அதேதான், கம்பியும் அதேதான். மாறியது தொடும் இரண்டு இடங்கள்.

உயர் மின்னழுத்தக் கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்தாமலேயே பழுது பார்க்கும் பணியாளர்களும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறார்கள். உலோக இழை கலந்த உடை அணிந்து, பூமியோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடத்திலிருந்து, ஒரு உலோகக் கோலால் முதலில் கம்பியைத் தொடுகிறார்கள். அந்தக் கணத்தில் ஒரு பொறி. அவர்களுடைய மின்னழுத்தம் கம்பியின் மின்னழுத்தத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் காக்கையைப் போலவே. அந்த உடை, உடம்பைச் சுற்றி ஃபாரடேயின் கூண்டு. இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்யும் வேலை இது.

அறுந்து விழுந்த கம்பியும் தரையில் உள்ள வட்டங்களும்

மழைக்காலத்தில் கம்பி அறுந்து விழுந்து ஆடுமாடுகள் சாகின்றன. கம்பியை அவை தொட்டிருக்கவே வேண்டியதில்லை. இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கம்பி தரையைத் தொடும் புள்ளியிலிருந்து மின்னோட்டம் மண்ணுக்குள் நாலாபுறமும் பரவுகிறது. அந்தப் புள்ளியைச் சுற்றித் தரையில் சமமின்னழுத்த வட்டங்கள் உண்டாகின்றன. நாம் பார்த்த கோளங்களைத் தரை வெட்டினால் கிடைக்கும் வட்டங்கள் போல. தொலைவு கூடக் கூட மின்னழுத்தம் அதே விதத்தில் குறையும். கம்பி விழுந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 1,000 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டரில் 500. இரண்டரை மீட்டரில் 400. மூன்றரை மீட்டரில் சுமார் 286.

ஒரு மனிதர் 2 மீட்டர் தொலைவில் ஒரு காலும் இரண்டரை மீட்டரில் மறுகாலுமாக நிற்கிறார். கால்களுக்கு நடுவே 100 வோல்ட். ஒரு மாடு முன்னங்கால் 2 மீட்டரிலும் பின்னங்கால் மூன்றரை மீட்டரிலுமாக நிற்கிறது. நடுவே 200 வோல்ட்டுக்கு மேல், அதுவும் முன்னங்காலிலிருந்து பின்னங்காலுக்கு, இதயம் இருக்கும் வழியாக. மின்னல் தரையில் இறங்கும்போது கூட்டமாக மேயும் மாடுகள் ஒன்றாகச் சாவதும் இதனால்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால், ஓடக் கூடாது. ஓட்டம் என்றால் கால்கள் அகலும்; ஒரு கால் ஒரு வட்டத்தில், மறுகால் இன்னொரு வட்டத்தில். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல், பாதத்தைவிடச் சிறிய அடிகளாகத் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். தூரத்தில் இருப்பவர்கள் கிட்டே வரவே கூடாது; விழுந்து கிடப்பவரைத் தூக்க ஓடிப்போய்த்தான் இரண்டாவது ஆளும் விழுகிறார். மின்வாரியம் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டதாக உறுதி சொல்லும்வரை பொறுக்க வேண்டும்.

காரின்மேலோ பேருந்தின்மேலோ கம்பி விழுந்தால் உள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் பாதுகாப்பு. வண்டியும் நீங்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கிறீர்கள். கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு கையால் கதவைப் பிடித்தால், வண்டிக்கும் தரைக்கும் நடுவே உள்ள முழு வேறுபாடும் உங்கள் உடம்பின் குறுக்கே. வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் மட்டும், வண்டியை எதனாலும் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக் குதித்து, சேர்த்து வைத்தபடியே தேய்த்து விலகிப் போங்கள்.